இறுதி ஆட்டத்துக்கு எடுத்துவைத்த சனிக்கிழமை

என் மகள் ரக்பி லீக் விளையாடினாள். பதின்மூன்று பெட்டைகள் ஒரு பக்கம், பதின்மூன்று பெட்டைகள் மறுபக்கம், நடுவில் சேறு. "உது பெட்டைப் பிள்ளையள் விளையாடிற விளையாட்டோ?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே என் வாய் ஓய்ந்தது. அவளுடைய ஒன்பதாம் இலக்கச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கையும் ஓய்ந்தது. அவள் விளையாடியதை மட்டும் நான் பார்த்ததில்லை.

வார நாட்களில் எனக்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் வேலை. விமானத்துக்குச் சாப்பாடு அடுக்குகிற இடம், முழுநாளும் நின்ற நிலை. சனிக்கிழமைகள் எங்கள் சனத்துக்குச் சொந்தம். கொண்டாட்டங்களுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே மண்டபம் எடுத்துவிட்டு, போனிலும் சொல்லி, வீட்டுக்கும் அழைப்புக் காட் கொண்டுவந்து தருவார்கள். போகாவிட்டால் குறை நினைப்பார்கள். இந்தக் குறைக்குப் பயந்தே என் பாதி ஆயுசு மண்டபங்களில் போனது.

போன வருடம் அவளுடைய அணி ஒரு கோப்பைப் போட்டியில் சேர்ந்தது. செப்டம்பரில் அவள் வடக்கே யூனிவர்சிட்டிக்குப் போக இருந்தாள். எங்களோடு இருந்து விளையாடும் கடைசி வருடம்.

"அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ."

"ஃபைனலுக்கு வாறன். சத்தியமா."

"இது கப், அம்மா. ஒருக்காத் தோத்தா முடிஞ்சுது."

நான் கேட்டால்தானே. கலியாணத்துக்கு நாள் வைத்ததுபோல இறுதி ஆட்டத்தின் தேதியைக் கலண்டரில் வட்டமிட்டேன். அதே நாளில் மச்சாள் வீட்டுப் பிறந்தநாள். வரமாட்டேன் என்று வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னேன். மச்சாள் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

முதல் சுற்றில் வென்றார்கள். நான் லண்டனின் மறுகரையில், பார்க்கிங் என்ற ஊரில், பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்திய வீட்டில் இருந்தேன். காலிறுதியிலும் வென்றார்கள். அன்று வால்தம்ஸ்டோவில் கலியாண வீடு. நான் சேலையைக் கழற்றுமுன்னமே அவள் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்குவாள். எனக்குக் கால் கடுக்கும், கண் சொருகும். 'ம்' போட்டுக்கொண்டே தூங்கியும் இருக்கிறேன்.

அரையிறுதி நாளில் இன்னொரு சாமத்திய வீடு. சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது போன் அடித்தது.

"தோத்திட்டம், அம்மா."

யாரோ பாயசம் நீட்டினார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். "பரவாயில்லை, பிள்ளை" என்று போனில் சொன்னேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

வட்டமிட்ட சனிக்கிழமை வந்தது. மச்சாளுக்கு வரமாட்டேன் என்று சொல்லியாயிற்று, போக வேறு ஒரு மண்டபமும் இல்லை.

"மேட்ச் பாக்கப் போவமா?" என்றேன்.

"நாங்கள் இல்லையே, அம்மா."

"இல்லாட்டியும்."

பாவம், வந்தாள். தெரியாத இரண்டு அணிகள். குளிரில் ஒடுங்கி நின்று எனக்கு விளையாட்டைச் சொல்லித்தந்தாள். ஆறுதரம் பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போகுமாம். விளங்கினமாதிரித் தலையாட்டினேன். பிறகு அவள் கையை நீட்டினாள்.

"அந்த ஒன்பதாம் நம்பர் நிக்கிதெல்லோ, அதுதான் என்ர இடம்."

யார் வென்றார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் முடியும்வரை அந்த வேறு வீட்டுப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.