பிளக் அண்ணனும் இரண்டு பிரிண்டர்களும்

எங்கள் மருந்துக் கிடங்கைப் பூட்டித் திறப்பவருக்குப் பிளக் அண்ணன் என்று பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போடலாம். சாயங்காலம் கண்ணில் படும் ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் பூட்டுவார். முன்பு அவர் வேலை பார்த்த பஞ்சுக் கிடங்கு, ஒயர் உருகி எரிந்து போனது. அன்று பூட்டியதும் அவர்தான். அதிலிருந்து இப்படி. வீட்டில் ஃபிரிட்ஜையும் விடுவதில்லை. "பாலு திரிஞ்சா திட்டு வாங்குறது நான், நிம்மதியா தூங்குறது அவரு" என்று அண்ணி என்னிடமே அலுத்துக்கொண்டிருக்கிறார்.

பிடுங்கட்டும். காலையில் கணினிக்குப் பின்னால் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் சொருகுவதுதான் என் உயிரை வாங்கியது.

கிடங்கில் அச்சு அசலாக இரண்டு லேபிள் பிரிண்டர்கள். ஒன்றில் நீலச் சுருள். நீலம் ஒட்டிய பெட்டி குளிர் அறைக்குப் போகும். மற்றதில் வெள்ளை, அது சாதாரண லாரிக்கு. கணினிக்கு நீலமும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. முதலில் கண்விழிக்கும் பிரிண்டருக்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று தினமும் புதிதாகப் பெயர் வைக்கும். போன வாரம் ஒயர் ஓட்டை மாறியதில் பெயரும் மாறிப்போய், குளிரில் இருக்க வேண்டிய ஊசி மருந்து வெள்ளையை ஒட்டிக்கொண்டு வெயிலில் ஊர்வலம் போனது. மொத்தமும் குப்பைக்கு.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அவரை நிறுத்திடுவேன். ஒயர்ல கை வைக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நீ படிச்சவன்தானே, ஏதாவது செய்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சும்மா இருப்பேனா? கருவிக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்ற விதியைக் கணினியில் நாமே எழுதலாம். கம்பெனி கொடுத்த இந்த வரிசை எண் வந்தால் 'நீலம்' என்று கூப்பிடு என்று எழுதப் போனேன். இரண்டுக்கும் ஒரே வரிசை எண். மலிவு என்று வாங்கினால் இப்படித்தான். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பிறப்புச் சான்றிதழ்.

சரி, சொருகியிருக்கும் ஓட்டையை வைத்துப் பெயர் வை என்று விதியை மாற்றினேன். ஓட்டைகளுக்கு மேல் நீலப் பொட்டும் வெள்ளைப் பொட்டும் ஒட்டினேன். மறுநாள் காலை சோதனைக்கு நீலம் கேட்டேன். வெள்ளை வந்தது.

"அண்ணே, பொட்டு பார்த்து சொருகச் சொன்னேனே?"

"பின்னாடி இருட்டா கிடக்கு தம்பி. குனிஞ்சா இடுப்பு பிடிக்குது. எந்த ஓட்டையா இருந்தா என்ன, எல்லாம் ஒரே கரண்டுதானே."

"அப்ப பிடுங்காம விடுங்களேன்."

"அது மட்டும் கேக்காத." முகம் மாறிவிட்டது. "வேலையை விட்டுப் போன்னு சொல்லு, போறேன்."

அதைச் சொல்லத்தான் முதலாளி காத்திருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வேன்?

தலையைப் பிய்த்துக்கொண்டு, பல ஓட்டைகள் உள்ள ஒரு ஹப் வாங்கிவந்தேன். இரண்டு பிரிண்டர் ஒயர்களையும் அதில் சொருகி, யாரும் அசைக்க முடியாதபடி பசை ஊற்றினேன். அண்ணன் பிடுங்குவதற்கென்று ஹப்பிலிருந்து கணினிக்குப் போகும் ஒரே ஒயர். அதைக் கணினியில் எங்கே சொருகினாலும் கவலையில்லை. ஹப்பின் முதல் ஓட்டையில் இருப்பது நீலம், இரண்டாவது வெள்ளை என்று விதியைத் திருத்தினேன்.

அடுத்த நாள் முதலாளி வந்து பக்கத்திலேயே நின்றார். அண்ணன் மூச்சு வாங்க ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி மாற்றிச் சொருகினார். நீலம் கேட்டபோதெல்லாம் நீலமே வந்தது.

"சரி, இனிமே மாறாதுன்னு எழுதிக் குடு. அவர் இருக்கட்டும்" என்றார் முதலாளி.

சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். படித்தவன் எழுதியது என்று தெரிய வேண்டாமா, விரிவாகவே எழுதினேன். 'இனி அண்ணனால் எந்தத் தொந்தரவும் வராது' என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை பொசுக்கென்று இருண்டது.

மேசைக்கு அடியிலிருந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, ஒயரோடு அண்ணன் எழுந்தார்.

"மணியாச்சு தம்பி. கிளம்பு, பூட்டணும்."