அப்பா தலையசைத்த இடம்

தமிழ் சினிமாவில் பிடில் வாசிக்கிறவன் குடித்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. கோணல் தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, சட்டைக்கு வெளியே தொங்கும் சிலுவை, பக்கத்தில் ஒரு பாட்டில். எண்பதுகளின் படங்களில் கிளப் டான்ஸ் என்றால் பின்னால் இப்படி ஒருவர் தள்ளாடிக்கொண்டிருப்பார். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி நின்றவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்பா குடிக்கிறவர் இல்லை. குடிக்கிறவர் பக்கத்தில் பஸ்ஸில்கூட உட்கார மாட்டார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று பிடில் வாசிப்பார். குழுவை நடத்துவதும் அவர்தான். இரண்டு கையும் பிடிலில் இருப்பதால், பெண்கள் குரல் எடுக்கவேண்டிய இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பக்கமாகத் தலையசைப்பார். அதற்குக் காத்திருந்து முதலில் எடுப்பது அம்மாவின் குரல். வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர்களுடைய பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி அந்தத் தலையசைப்பில்தான் நடந்தது.

மண்ணூர்பேட்டையில் ஓர் ஆள் இருந்தார், சினிமாவுக்கு ஆட்களைச் சேர்த்துவிடுகிறவர். ஒரு கல்யாண வரவேற்பில் அப்பா வாசித்ததைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார்.

"சும்மா பிடில புட்ச்சிகினு நின்னா போதும் சார். மத்தவனுங்க வெறகு கட்டையாட்டம் புட்ச்சிகினு நிக்கிறானுங்கோ. உங்க வெரலு நெஜமா ஓடுது. கிட்டக்க வச்சி எடுக்கணும்னு டைரக்டரு கேக்குறாரு."

அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. அம்மா சினிமாக் கொட்டகை வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பூந்தமல்லி சாலையில் ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. திரும்பி வந்தவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். அங்கே கொடுத்த வில்லில் சத்தம் எழாதபடி மெழுகு தடவியிருந்தார்களாம். பாட்டு முன்பே பதிவாகிவிட்டதால் இவர் எதை வாசித்தாலும் யாருக்கும் கேட்காதாம். தொப்பியைப் பற்றியோ பாட்டிலைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

படம் அம்பத்தூருக்கு வந்தபோது அப்பாவும் நானும் போனோம். அம்மா வரவில்லை. நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். திரையில் அப்பாவின் விரல்கள் பெரிதாக வந்தன. நான் கைதட்டினேன். அடுத்து முகம் வந்தது, தொப்பியும் சிலுவையுமாக. கண் செருகியது போல மூடியிருந்தது. யாரோ அவர் தோளருகே பாட்டிலை நீட்ட, பாட்டில் பக்கமாகத் தலையை ஆட்டினார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"மாமே, தலைவரு புல் மப்புல கீறாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு இடைவேளை வரை அசையாமல் இருந்தார். பிறகு வெளியே வந்துவிட்டோம்.

சபைக் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. "நீங்க குடிக்கிறவர் இல்லன்னு எங்களுக்குத் தெரியும். படம் பாக்குறவங்களுக்குத் தெரியுமா?" என்றார் செயலாளர். ஆராதனை முடிந்ததும் அப்பா எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, குடிக்காத குடிக்கு மன்னிப்புக் கேட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அப்படி என்ன வேஷந்தான் போட்டிய?" என்று கேட்டாள். அவர் பிடில் பெட்டியைத் தூக்கி பீரோவின் மேல் வைத்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. அதன் பிறகு அப்பா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு ஒருவர் கீபோர்டு வாசிக்க வந்தார். சாகிறவரை அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

அவர் இறந்த மறு வருஷம், கேபிள் டிவி வந்திருந்த சமயம், ஒரு மத்தியானம் அந்தப் படம் போட்டார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய் சேனலை மாற்ற எழுந்தேன்.

"இருக்கட்டும்ட்டி. அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்து. அவுக மொகத்தப் பாக்கணும்."

நிறுத்தினேன். திரையில் விரல்கள் வந்தன. அம்மாவின் கை கீரையில் நின்றுவிட்டது. அவள் உதடு அசைய ஆரம்பித்தது. அப்பா கண்ணை மூடி, பாட்டில் பக்கமாகத் தலையசைத்தார். சரியாக அந்த இடத்தில் அம்மா குரல் எடுத்தாள். கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் அப்பா வாசிக்கும் பாட்டு அது. திரையில் ஓடிய விரலும் அவள் பாடிய வரியும் ஒன்றையொன்று விடாமல் போயின. காட்சி மாறியும் அவள் அந்த அடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு கொட்டகையே சிரித்த அந்தத் தலையாட்டல் அம்மாவுக்காக. அவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. கிளப்பில் நின்றுகொண்டு திருவிருந்துப் பாட்டா என்று கமிட்டி அதை இன்னும் பெரிய குற்றமாக்கியிருக்கும்.

"அன்னைக்கே நீ பாத்திருந்தா சபையில சொல்லியிருப்பியாம்மா?" என்று கேட்டேன்.

"சபையிலயா? மாட்டேன்." அம்மா மடியிலிருந்த கீரையைத் தட்டிவிட்டாள். "அவுகட்ட சொல்லியிருப்பேம்லா."