எக்ஸ்ரே அக்காவின் சாணைச் சக்கரம்

கல்லைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக அதை நாக்கு நுனியால் தொட்டு ஈரமாக்குகிறார். ஈரம் பட்ட இடத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்புகிறார். பிடித்திருந்தால் கைப்பைக்குள் போகும். பிடிக்காவிட்டால் எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திரும்ப வைப்பார். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் அதைப் பற்றிக் கவலையே இல்லை. “காய்ஞ்ச கல்லெல்லாம் தூங்குமூஞ்சிங்க. நனைச்சாத்தான், மெருகு ஏத்தினா எப்படி இருக்கும்னு காட்டும்” என்பார். “பையில தண்ணி பாட்டில் இருக்கே?” என்று ஒருமுறை கேட்டேன். “அது குடிக்கிறதுக்கு” என்றார்.

எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. வேலை முடிந்து வந்தால் கல் அறுத்து, பட்டை தீட்டி, மெருகு ஏற்றுவது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். “மனுஷனைப் படம் எடுத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும். கல்லு அப்படி இல்ல, அறுத்தாத்தான் தெரியும். பாதி நேரம் உள்ள ஒண்ணுமே இருக்காது.” கடைசி வரியைச் சொல்லும்போது கணவரைப் பார்ப்பார்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். சாப்பிடும்போது சோற்றில் கல் கடிபட்டால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, “இந்தா, உன்னோடது. எடுத்து வெச்சுக்கோ” என்று சொல்கிற ஆள். “வழியில எங்கயாவது ஜல்லி கொட்டி வெச்சிருந்தா இவ கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும் சார்” என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். பின்பக்க பால்கனி முழுக்கச் சேறு, தண்ணீர் போகும் குழாயில் அடைப்பு, துவைத்துக் காயப்போட்ட சட்டையில் சாம்பல் நிறப் பொட்டுகள் என்று அவருடைய குறைகளுக்கு ஒரு முடிவே கிடையாது.

அந்த பால்கனிதான் அக்காவின் பட்டறை. துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், விளிம்பில் வைரத்தூள் பதித்த ஒரு வட்ட ரம்பம். அதற்கு அடுத்து, ஒரே தண்டில் கோத்த சாணைச் சக்கரங்கள். முதல் சக்கரம் கரடுமுரடு, போகப்போக வழவழப்பு. ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அறுத்த துண்டை அரக்கு உருக்கிக் குச்சி நுனியில் ஒட்டி, குச்சியை விரல்களால் உருட்டி உருட்டிச் சக்கரத்துக்குக் காட்டுவார். தண்ணீரும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. “கல்தூசி போன நெஞ்சு எப்படி இருக்கும்னு நான் படத்துல பார்த்திருக்கேன்” என்பார். சத்தம் தாங்காமல் சண்டை போடத்தான் நான் முதன்முதலில் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். திரும்பி வரும்போது என் உள்ளங்கையில் தேன் நிறத்தில் ஒரு வழவழப்பான கல் இருந்தது. எதற்காகப் போனேன் என்பதே மறந்துவிட்டது.

கற்களை யாருக்கும் மோதிரமாகவோ பதக்கமாகவோ செய்து கொடுக்க மாட்டார். ஆஸ்பத்திரி உடுப்பின் பையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். கால் ஒடிந்து அலறிக்கொண்டு வரும் குழந்தைகளின் கையில் ஒன்றை வைத்து, “இது குளிர்ந்திருக்கா சூடா இருக்கான்னு சொல்லு பார்ப்போம்” என்பார். குழந்தை யோசிக்கிற நேரத்தில் படம் எடுத்துவிடுவார். கல் குழந்தையோடு போய்விடும்.

போன மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தன் ஆஸ்பத்திரிக்கே போய், தன் அறையிலேயே, இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். உடன் வேலை செய்கிற பெண் இவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். “முதல்ல கண்ணைத் துடை. கோணம் தப்பிட்டா இன்னொரு தடவை கையைத் தூக்கச் சொல்லுவே” என்றாராம். படம் திரையில் வந்தது. வெளியே காத்திருந்த மாஸ்டர், “லேசானதுதானேம்மா?” என்று கேட்டார். “லேசானது இல்லீங்க” என்றார் அக்கா.

தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடியது, விரல்கள் மட்டும் மடங்கவில்லை. விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் அமுக்கிப் பழகத் தந்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு அங்கேயே கிடந்தது. பிடித்த டம்ளர் நழுவியது. நோயாளியைத் தாங்கிப் புரட்ட முடியாத கையோடு எக்ஸ்ரே அறைக்குப் போக முடியாது. வேண்டுமானால் வாசலில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காரட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்கா அதற்கும் போகவில்லை. பால்கனிக் கதவையும் திறக்கவில்லை. விழுவதற்கு முன் பாதி அறுத்துவிட்டிருந்த ஒரு கல் ரம்பத்தின் பிடியிலேயே நின்றது.

ஒருநாள் மாஸ்டர் மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “சார், அவ திட்டவே மாட்டேங்கிறா” என்றார். “சேறு மிதிச்சுட்டு நேரா உள்ள போனேன் சார். ஒரு வார்த்தை சொல்லல. எனக்குப் பயமா இருக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழேயிருந்து மயிர்க்கூச்செறியும்படி கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து அக்காவின் குரல். “தண்ணி! தண்ணியத் திறங்க! சக்கரத்தைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!” நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்திருந்தது, காலில் செருப்பில்லை. மாஸ்டர் ஒரு கையில் குச்சியும் மறு கையில் கல்லுமாக விழித்துக்கொண்டிருந்தார். முகக்கவசத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார். வேண்டுமென்றேதான் தண்ணீரைத் திறக்காமல் விட்டீர்களா என்று பிறகு கேட்டேன். “சத்தியமா மறந்துட்டேன் சார். அவ வந்து கத்தினதும்தான் உயிரே வந்துச்சு.”

அன்றிலிருந்து கை மாஸ்டருடையது, வாய் அக்காவுடையது. “அழுத்தாதீங்க. சும்மா காட்டுங்க, அது தானா தேயும்.” “தேயவே மாட்டேங்குதே?” “உங்க அவசரத்துக்கெல்லாம் கல்லு தேயாது.” மாஸ்டர் தீட்டிய முதல் கல் ஒரு பக்கம் தட்டையாகப் போயிற்று. “வட்டமாத்தானே புடிச்சேன்?” “பஞ்சர் ஆன டயர்கூட இதைவிட வட்டமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். மாஸ்டர் அந்தக் கல்லைப் பயிற்சிக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். கார் ஓட்டக் கற்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார்.

பார்த்துக்கொண்டே இருந்தால் கை சும்மா இருக்குமா? அக்கா குச்சியைக் கேட்டார். மெலிந்த குச்சி, மடங்காத விரலுக்குள் நிற்கவில்லை. மாஸ்டர் ஒரு பழைய ஸ்டீரிங் உறையைப் பட்டையாக வெட்டிக் குச்சியில் சுற்றிச் சுற்றி, கத்தரிக்காய்ப் பருமனுக்குக் கொண்டுவந்தார். கீழே வலது கை, மேலே காவலுக்கு இடது கை. கல் தண்ணீர்த் தட்டில் விழும். மாஸ்டர் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி எடுப்பார். அரக்கு உருக்கி மறுபடி ஒட்டுவார். மறுபடி விழும். வலி பொறுக்காமல் அக்கா எழுந்து போய்விட்ட நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் மாஸ்டர் பின்னாலேயே போக மாட்டார். அங்கேயே உட்கார்ந்து ஏதாவது ஒரு கல்லைக் கெடுத்துக்கொண்டிருப்பார். கேட்கப் பொறுக்காமல் அக்காவே திரும்பி வருவார்.

கை கொஞ்சம் மடங்கினால் பட்டையில் ஒரு சுற்றை அவிழ்ப்பார்கள். அப்படியே குச்சி மெலிந்துகொண்டு வந்தது. பயிற்சி கொடுப்பவர் பிடிமானத்தைச் சோதித்துவிட்டு, “பந்தை நல்லா அமுக்கறீங்க போல” என்று பாராட்டினார். “எந்தப் பந்து?” என்று அக்கா கேட்டாராம். டோக்கன் வேலை வேண்டாம், கொஞ்ச நாள் பொறுத்து எக்ஸ்ரே அறைக்கே வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

நேற்று போயிருந்தேன். ரம்பத்தில் நின்றிருந்த கல்லை முழுக்க அறுத்திருந்தார்கள். வெளியே அழுக்குச் சாம்பல். உள்ளே புகைபோல வளைந்து வளைந்து போகும் நீல வரிகள், நடுவே ஒரு விரிசல். விரிசலுக்கு இந்தப் பக்கம் கிடைத்த துண்டைக் குச்சியில் ஒட்டிக்கொண்டு அக்கா சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். குச்சியில் பட்டை ஒரு சுற்றுகூட இல்லை. வலது கை பிடித்திருந்தது, இடது கை மேலே லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் பக்கத்து ஸ்டூலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கற்றுக்கொள்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் கால் பிரேக்கைத் தேடும். அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அக்கா சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் குச்சியிலிருந்து எடுத்து, அவருடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

“காலை எடுங்க. நானே ஓட்டிக்கிறேன்.”