என் காணியில் எனக்கில்லாத கரை

இதை எழுதுவதா விடுவதா என்று கொஞ்ச நாட்களாகவே இழுத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதோடு இது சாமி காரியமும் காணிக் காரியமும் கலந்த விஷயம். இரண்டில் எதில் வாயைக் கொடுத்தாலும் மீள்வது கடினம். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

நாங்கள் ஜேர்மனியில் ஹம் நகரத்தில் இருக்கிறோம். அப்பா ஊரில் காலமானபோது என்னால் போக முடியவில்லை. விசா இல்லாத காலம் அது. கொள்ளி வைத்தது தம்பி. அதனால்தானோ என்னவோ, ஆடி அமாவாசை விரதத்தை நான் ஒரு வருடமும் விட்டதில்லை. அன்று ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டச் சோற்றை அப்பாவின் பேரைச் சொல்லித் தண்ணீரில் விடவேண்டும். பொது இடத்தில் செய்யப் போனால் ஒரு பக்கம் நாய் வந்து முகரும், மறுபக்கம் இறைச்சி வாட்டுகிற புகை. ஒருமுறை ஒரு பெண், "ஆற்றில் குப்பை போடாதே" என்று பிள்ளைகளுக்கு முன்னால் கத்திவிட்டார். அப்பாவின் சோறு குப்பையாகிவிட்டதே என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. சின்னதென்றாலும் சொந்தமாக, துப்புரவான ஒரு ஆற்றங்கரை வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றாற்றின் ஓரம் புல்வெளி ஒன்று விலைக்கு வந்தது. இங்கே காணி வாங்கும்போது, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு உறுதிப் பத்திரம் முழுவதையும் உரத்து வாசிப்பார். மனைவியின் தம்பி பக்கத்தில் இருந்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். நடுவில் மீன் என்று ஏதோ காதில் விழுந்தது.

"என்னடா அது?"

"மீன் பிடிக்கிற உரிமை வேற ஆக்களுக்காம் அத்தான். ஏதோ சங்கமாம்."

"நாங்கள் சைவம். எங்களுக்கென்ன மீன்? பிடிச்சுத் திண்டிட்டுப் போகட்டும்."

அவன் சிரித்தான். என்னவென்று விளங்காமல் நொத்தாரிசும் சிரித்தார். கையெழுத்து வைத்தேன்.

காணி வாங்கிய யாழ்ப்பாணத்தான் முதலில் என்ன செய்வான்? வேலி போடுவான். நானும் மைத்துனனும் கட்டை நட்டு, கம்பி இழுத்து, தண்ணீர் ஓரம் வரைக்கும் அடைத்து, படலை வைத்துப் பூட்டினோம். அடுத்த கிழமை போனால், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ஒரு கையில் தூண்டிலும் மறுகையில் மடக்குக் கதிரையுமாகப் படலையில் நிற்கிறார்.

"இந்த வேலியை எப்போது எடுப்பீர்கள்?" என்று டொச் மொழியில் மரியாதையாகக் கேட்டார்.

"இது என்னுடைய காணி."

"உங்களுடையதுதான். யார் இல்லையென்றது? ஆனால் கரையில் நாங்கள் நடக்கலாம், இருக்கலாம். அதை அடைக்க முடியாது. வேலி போட்டவர்களில் நீங்கள் முதல் ஆளும் இல்லை."

வேலிக்கு வெளியே நின்றபடியே கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆற்றுக்கு அக்கரை வேறு நாடாம், கிறிஸ்தவ ஆயர் ஒருவருடைய ஆட்சி. அக்கரை மீனவர் இக்கரையிலும் வலை இழுக்கலாம், வலை காயப்போடலாம் என்று இரண்டு நாட்டுக்கும் உடன்படிக்கை. பிறகு இக்கரை ராசா, ஒருவரும் சீந்தாத இந்த ஈரநிலத்தில் வெளியூர்க் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றி, ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்தாராம். அந்த மானியப் பத்திரத்திலேயே கரையை மீனவருக்கு விட்டுத்தான் எழுதியிருக்கிறது. குடியேறினவன் வேலி போட்டால் அக்கரையார் தோணியில் வந்து பிடுங்கி எறிவார்களாம். அந்த உரிமைதான் இப்போது அவருடைய சங்கத்திடம் இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. Termin என்கிற சந்திப்பு நேரம் எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

"ராசாவும் இல்லை, ஆயரும் இல்லை, அந்த இரண்டு நாடும் இல்லை. பிறகு எப்படி இது மட்டும் இருக்கும்?" என்று கேட்டேன்.

"உங்கள் காணி கைமாறி வந்தது போலவே அந்த உரிமையும் கைமாறி வந்திருக்கிறது" என்றார்.

எரிச்சலோடு போய் ஆற்றுப் பக்கத்து வேலியைக் கழற்றி வண்டியில் ஏற்றினேன். மனைவி சும்மா இருப்பாளா?

"ஊரில காணிக்கு உறுதி இருக்கு, ஆமி இருக்கிறதால உள்ளுக்க போகேலாது. இங்க உள்ளுக்க போகலாம், வேலி போடேலாது. உங்களுக்கெண்டு எங்கயப்பா காணி வாய்க்கும்?"

அந்த ஆடி அமாவாசைக்கு ஐயரைக் கூட்டிக்கொண்டு போனோம். தாடிக்காரர் கொஞ்சம் தள்ளி இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பித் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிசன்தானே என்று ஆறுதலாக இருந்தது. எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பிண்டத்தை ஆற்றில் விட்டேன். சோறு கரைய, அந்த இடமெல்லாம் மீன் துள்ளியது. உடனே அவருடைய தூண்டில் வளைந்தது. பெரிய கெண்டை. ஒரு சின்னக் கட்டையால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு இன்னொன்று. இரண்டையும் தூக்கிக் காட்டி, "நல்ல சோறு!" என்றார், முகம் நிறைந்த சிரிப்போடு.

ஈர வேட்டியோடு நின்றே ஐயரைக் கேட்டேன்: "அப்பாவுக்கு விட்ட சோறு இப்பிடித் தூண்டில் இரையாப் போனால் குற்றமோ ஐயா?"

"தண்ணியில விட்டால் மீன் திங்கத்தானே செய்யும். அதிலை குற்றமில்லை. அதைப் பிடிக்கிறவனைப் பற்றி எனக்குத் தெரிஞ்சு சாத்திரத்தில ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நான் என்ன செய்ய?"

"வேற இடம் பாருங்கோ."

வேறு இடம் பார்த்துத்தானே இங்கே வந்தேன்! வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சாப்பாட்டில் இருந்தால், அந்தக் கசப்பு நாக்கில் தெரியவே இல்லை.

அடுத்த வருடம் தாடிக்காரரிடம் வாய்விட்டே கேட்டேன், அந்த ஒரு நாளைக்கு மட்டும் வராமல் விட ஏலாதா என்று. "நான் வராமல் விடுவேன். சங்கத்தில் மற்றவர்களை நான் தடுக்க முடியாது" என்றார். சொன்னபடி அவர் வரவில்லை. ஆனால் சோற்று நாளைப் பற்றிக் கேள்விப்பட்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் தள்ளிப் போய்ப் பிண்டம் விட்டேன். அவர்களும் கதிரையைத் தூக்கிக்கொண்டு தள்ளி வந்தார்கள். கரை முழுவதும் அவர்களுடைய உரிமைதானே.

இந்த வருடம் சோற்றை ஆற்றில் விடவில்லை. ஒரு உயிரைக் கொன்றுதான் அப்பாவுக்குச் சோறு போய்ச் சேரவேண்டுமா? எள்ளும் தண்ணீரும் மட்டும் இறைத்துவிட்டுக் கரையேறினேன். இந்தமுறை வந்திருந்த தாடிக்காரர் என் வெறுங்கையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"சோறு எங்கே? உங்கள் அப்பாவுக்குப் பசிக்காதா?"

நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டார். "இன்றைக்கு இல்லை" என்றேன். பிண்டத்தை வீட்டுப் பல்கனியில் காகத்துக்கு வைத்தோம். காகம் வரவில்லை. இரண்டு புறாக்கள் வந்தன.

இப்போது இந்தக் கதை வேறு வேறு விதமாக ஓடுகிறது. வெள்ளைக்காரன் சாமி கும்பிட விடாமல் என்னைத் துரத்தினானாம் என்று பாரிசில் இருந்து ஒருவர் போன் எடுத்துக் கேட்டார். லண்டனில் ஓடுகிற கதையில் நான் மீன் வியாபாரம் செய்கிறேனாம்! ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. ஆனால் என் சொந்தக் காணியில் நின்று அப்பாவுக்கு ஒரு பிடி சோறு தண்ணீரில் விட எனக்கு ஏலாமல் இருக்கிறது. இவை இரண்டும் உண்மை. வாசிக்கிற நீங்கள் யாருக்காவது இதைச் சொன்னால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், அவர்கள்மேல் கோபப்பட்டு ஒரு சொல் மாற்றவும் வேண்டாம்.