மோட்டர் கொட்டாயில் தொங்கின தோல் துண்டு

ரோஸி ஆன்ட்டி இறந்துட்டாங்க. நேத்து காலையில், எங்க கத்திரிக்காய் நிலத்தில், மோட்டர் போடும்போது... கரண்ட் அடிச்சு.

இது அம்மாவோட அக்கவுண்ட். எழுதுறது அவங்க பொண்ணு இளவரசி, ப்ளஸ் ஒன். அம்மாகூட ஷூ கம்பெனியில் வேலை செய்ற எல்லாரும் இதில் இருக்கீங்க. அதனாலதான் இங்கே எழுதுறேன்.

எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

ரோஸி ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் ஸ்டிச்சிங் லைனில் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஆம்பூருக்கு வெளியே ஒரு சின்ன நிலத்தை ரெண்டு பேரும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தாங்க. முள்ளு கத்திரி போட.

"ஆம்பூர் பிரியாணின்னு ஊரே பேசுது. பக்கத்துல வைக்கிற கத்திரிக்காயைப் பத்தி எவனாவது பேசுறானா? அது நம்ம நிலத்துக் காயா இருக்கணும்டி. அப்புறம் கம்பெனிக்கு டாட்டா." ஆன்ட்டி அம்மாகிட்ட அடிக்கடி இப்படிச் சொல்வாங்க. அம்மா சிரிப்பாங்க. ஆனா நம்பினாங்க.

அது உப்பு பூத்த மண்ணு. மேல வெள்ளையா படிஞ்சிருக்கும். ஏரி மண்ணும் எருவும் கொண்டுவந்து கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரி பண்ண முடியும்.

கம்பெனி போர்டில் மணிக்கு மணி டார்கெட் எழுதுவாங்க இல்லையா... அந்த வார்த்தையை ஆன்ட்டி அப்படியே நிலத்துக்குக் கொண்டுவந்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நேரா வருவாங்க. ஒரு வாரத்துக்கு ஒரு பாத்தி. ஜாஸ்தியும் கிடையாது, கம்மியும் கிடையாது.

ஒருநாள் அம்மா ஒரே மூச்சில் ரெண்டாவது பாத்தியையும் கொத்த ஆரம்பிச்சாங்க. "இன்னா அவசரம்? சூப்பர்வைசர் பின்னாடி நிக்கிறாரா?"ன்னு ஆன்ட்டி மண்வெட்டியைப் பிடுங்கிக்கிட்டாங்க.

நான் புங்க மரத்தடியில் உக்காந்து படிப்பேன். "இன்னா மேடம், இன்னிக்கு உங்க டார்கெட்?" "கெமிஸ்ட்ரி ஒரு பாடம் ஆன்ட்டி." கிட்ட வந்து எட்டிப் பார்ப்பாங்க. கெமிஸ்ட்ரி புக்குக்குள்ளே கதை புக் இருக்கும். "ரொம்பக் கஷ்டமான பாடம்போல"ன்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க. அம்மாகிட்ட ஒருநாளும் போட்டுக் கொடுத்ததில்ல.

(அம்மா, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். சாரி.)

போன ஞாயிறு கடைசிப் பாத்தியிலும் நாத்து நட்டாச்சு. ஆன்ட்டி சேத்துக் கையை அப்படியே அம்மா கன்னத்தில் தடவிவிட்டாங்க. அம்மா துரத்தினாங்க. ரெண்டு பேரும் வரப்பில் ஓடினதை நான் போட்டோ எடுக்கல... எடுத்திருக்கலாம்.

இனி சொல்லப்போறதுதான் எனக்குப் பயமான விஷயம்.

எங்க மோட்டர் கொட்டாயில் மெயின் சுவிட்ச் கைப்பிடி ஷாக் அடிக்கும். லேசாத்தான், ஜிவ்வுன்னு. வயர்மேனைக் கூப்பிடணும் கூப்பிடணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. அதுவரைக்கும்னு, கம்பெனியில் வெட்டினது போக மிஞ்சின தோல் துண்டு ஒண்ணை ஆணியில் மாட்டி வச்சாங்க. அதைக் கையில் சுத்திக்கிட்டுத்தான் கைப்பிடியைத் தூக்குவாங்க.

"தோல்ல கரண்ட் வராதுடி. வெல்டிங் கிளவுஸே நம்ம ஊர்லதான தைக்கிறோம், நமக்குத் தெரியாதா?"ன்னு ஆன்ட்டி சொல்வாங்க.

முந்தாநாள் ராத்திரி தூறல். நாத்துக்குப் பத்தாத மழை, ஆனா கொட்டாய்க் கூரை ஒழுகி அந்தத் துண்டு முழுக்க நனையப் போதுமா இருந்திருக்கு.

ஷிஃப்டுக்கு முன்னாடி தண்ணி விட ஆன்ட்டி போனாங்க. பின்னாடியே ரெண்டு பேருக்கும் டிபன் எடுத்துக்கிட்டு அம்மா போனாங்க. ஆன்ட்டி கீழே கிடந்தாங்க, கை மட்டும் கைப்பிடியில்...

அம்மா ஓடிப்போய்த் தூக்கக் குனிஞ்சாங்க. பக்கத்து நிலத்து பாஷா மாமா தூரத்தில் இருந்து கத்தினார். "தொடாதே மா! தொடாதே! லைனை ஆஃப் பண்ணட்டும்!"

அம்மா கைக்கும் ஆன்ட்டி தோளுக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருந்துதுன்னு மாமா சொன்னார். நான் கண்ணை மூடினா அந்த ஒரு ஜாண்தான் வருது.

வயர்மேன் வந்து லைனை ஆஃப் பண்ணினார். அந்தத் துண்டைக் குச்சியால தள்ளிவிட்டுச் சொன்னார். "நனைஞ்சா தோலும் கம்பியும் ஒண்ணுதான். இதை நம்பியா கை வச்சாங்க?"

உங்க வீட்டு மோட்டர் பக்கத்திலும் இப்படி ஒரு துண்டு தொங்கும். பல பேர் வீட்டில் நானே பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு கழட்டிடுங்க. காஞ்ச துண்டா இருந்தாலும்.

இன்னிக்கு மதியம் அடக்கம் முடிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "நாத்து வாடுது. நாளைக்கு நான் போய் மோட்டர் போடறேன். நல்லா காஞ்ச துண்டா எடுத்துக்கறேன்."

"வேணாம்மா. வயர்மேன் வந்து சரி பண்ணட்டும்."

"சுவிட்ச் மாத்த அவர் அடுத்த வாரம்தான் வருவேன்றார். அதுவரைக்கும் அவ நட்ட நாத்து காயணுமா? சொல்லு."

அழுதேன். அம்மா அழல, அதுதான் இன்னும் பயமா இருந்துது.

சாயங்காலம் பாஷா மாமா அவர் போர்வெல்லில் இருந்து ஓஸ் இழுத்துக் கொடுத்தார். "டெய்லி பிடிச்சுக்கோ மா, இதுல இன்னா இருக்கு"ன்னார். அம்மா தலையாட்டினாங்க. வர்ற வழியில், "அடுத்தவங்ககிட்ட எத்தனை நாள் கேக்கறது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. எனக்குக் கேட்டுடுச்சு.

அம்மா, கொட்டாய் சாவியைத் தேடாதே. என்கிட்டதான் இருக்கு. வயர்மேன் வர்ற வரைக்கும் தர மாட்டேன். அடிச்சாலும் தர மாட்டேன்.

ரோஸி ஆன்ட்டி... உங்க கடைசிப் பாத்திக்கு அம்மா தண்ணி விட்டாங்க. நாங்க கிளம்பறப்ப நாத்தெல்லாம் தலை தூக்கியிருந்துது.

போய்ட்டு வாங்க ஆன்ட்டி.