தள்ளினால் அது சுற்று இல்லை

அன்று மாடி அறையில் நின்றவர்கள்: முதலாளி. முதலாளியம்மா. முதலாளியம்மாவின் தம்பி. நான். மேசையில் இருந்தவர்களையும் சேர்த்தால், பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண், மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவன், காவி உடுத்திக் குடை பிடித்த பௌத்த ஹாமுதுரு, பள்ளிவாசல் படியில் இரண்டு பேர், கோயில் வாசலில் ஒருவர், ரயில் கேட்டில் பச்சைக் கொடியோடு ஒருவன். இவர்கள் எல்லாம் முக்கால் அங்குல உயரம்.

மடவளையில் முதலாளிக்கு ஹார்ட்வெயார் கடை. நான் அங்கே சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். வீடு ஹுன்னஸ்கிரிய பக்கம் தேயிலைத் தோட்டத்தில். இரண்டு பஸ் மாறி வருவேன். கடைக்கு மேலே ஒரு பெரிய அறை. அதில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு முதலாளி ஒரு ரயில் பாதை செய்தார். பாதையைச் சுற்றி ஒரு ஊர். கடைத்தெரு, ஸ்டேஷன், தேயிலை மலை, மலைக்குள் சுரங்கம், கட்டுகஸ்தோட்டையில் இருப்பது மாதிரி ஒரு இரும்புப் பாலம். அறை என்று அவர் சொல்ல மாட்டார். பின்னேரம் கடையில் ஆள் குறைந்தால், "நான் ஊருக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவார்.

ஒன்பது வருடம் செய்தார். அத்தனை வருடமும் ரயில் ஸ்டேஷனிலிருந்து சுரங்கம் வரை போகும், அதே வழியில் பின்னுக்கு வரும். பாதை முழுதாகச் சேரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மலைக்குப் பின்னால் கடைசித் தண்டவாளத் துண்டை வைத்தார். செவ்வாய்க்கிழமை அவர் கண்டி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வியாழன் காலை நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன்.

"திங்கட்கிழமை ஒரு முழுச் சுத்து ஓட்டிப் பாத்துட்டுப் போறன்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

திங்கள் காலை நான் தண்டவாளம் துடைத்தேன். அது எப்போதும் என் வேலை. கரண்ட் தண்டவாளத்தில் ஓடும். சக்கரம் அதைத் தொட்டு எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும். தூசி இருந்தால் ரயில் நிற்கும். அதனால் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். துடைத்து முடித்தும் ஒப்பரேஷன் நினைப்புப் போகவில்லை. ராத்திரி தூங்கவில்லை.

கடை லொறி தூரம் போனால் டயருக்கு அடியில் எலுமிச்சங்காய் வைக்கிறவன் நான். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி கணக்குக் கொப்பியைப் புரட்டுவார். இப்போது போகிறவர் அவர். போகிற கார் முதலாளியம்மாவின் தம்பியுடையது. அதற்கு வைப்பதென்றால் கேட்க வேண்டும். கேட்க எனக்கு வாய் வராது. யோசித்துப் பார்த்தால் முதலாளியின் சொந்த வண்டி இந்த ரயில்தான்.

முழுக் காய் எஞ்சினைவிடப் பெரிதாக இருந்தது. மெல்லிசாக ஒரு துண்டு வெட்டினேன். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் வைத்து, எஞ்சினை விரலால் உருட்டி நசுக்கினேன். எஞ்சின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துளி வைத்தேன். நசுங்கினதை எடுத்துப்போட்டு எஞ்சினை ஸ்டேஷனில் நிறுத்தினேன். கும்பிட்டேன். தினமும் தூசி துடைக்கிறவனுக்கு அந்த நேரம் தண்டவாளத்தின் ஞாபகம் வரவில்லை.

அசர் தொழுகை முடிந்த பிறகு எல்லோரும் மாடி ஏறினோம். முதலாளி படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கதிரையில் உட்கார்ந்து கரண்ட் குமிழைத் திருப்பினார். ரயில் கிளம்பியது. கடைத்தெருவைத் தாண்டியது. சுரங்கத்துக்குள் போனது. வெளியே வந்தது. மலைக்குப் பின்னால், அதுவரை போகாத இடத்தில் போனது. பாலத்தில் ஏறி இறங்கியது. ஸ்டேஷனுக்கு ஒரு சாண் இருந்தது.

ரயில் கேட்டில் நின்றது.

முதலாளியம்மாவின் தம்பி சொன்னார், "ஸ்ட்ரைக் போல மச்சான்."

"சும்மா இரி" என்றார் முதலாளி.

"இல்ல, நெசமான ரயில்வே மாதிரியே கட்டீக்கிறீங்க. பாருங்க, ஸ்டேஷனுக்குக் கிட்ட வந்துதான் நிக்கிது."

முதலாளி ரயிலைப் பின்னுக்கு எடுத்து, திரும்ப விட்டார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரமும் நின்றது. நான் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று விளங்கியது.

"கையால கொஞ்சம் தள்ளி விடுங்களே" என்றார் முதலாளியம்மா. "ஒரு சாண்தானே."

"தள்ளினா அது சுத்து இல்ல."

"போதும், வாங்க. மூச்சு வாங்குது ஒங்களுக்கு."

அவர் எழும்பவில்லை. மேசைமேல் குனிந்தார். கொடியோடு நின்றவனின் காலடியில் விரலை வைத்து எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு எலுமிச்சை விதை.

"தேசிக்காய்க் கொட்ட" என்றார். மோந்து பார்த்தார். பிறகு எஞ்சினைத் திருப்பி அதன் நெற்றியைப் பார்த்தார். பிறகு என்னை.

"நான்தாங்க முதலாளி" என்றேன். "நீங்க போறீங்கன்னு. லொறிக்கு வைக்கிற மாதிரி."

தம்பி எஞ்சினை எட்டிப் பார்த்தார். "பொட்டெல்லாம் வெச்சீக்கி. பொண்ணா மாப்புளயா மச்சான் இது?"

முதலாளி சிரித்தார். சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முதலாளியம்மா தம்பியை முறைத்தார். சாறு காய்ந்து தண்டவாளத்திலும் சக்கரத்திலும் பசை மாதிரிப் பிடித்திருந்தது. சக்கரத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும். அது அன்றைக்கு முடிகிற வேலை இல்லை. முதலாளியைக் கீழே கூட்டிப் போனார்கள்.

சுற்று முடியவில்லை. முடியாமல் அவர் போகப் போகிறார். என்னால். அதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். தெல்தெனியவில் இறங்கி மாற வேண்டும். மாறாமல் இருந்துவிட்டேன். அடுத்த பஸ் ஹோல்ட்டில் இறங்கி நடந்து திரும்பி வந்தேன்.

செவ்வாய் காலை கார் கடை வாசலில் நின்றது. முதலாளி கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"கழுவிட்டியா?"

"ராவைக்குள்ள முடிச்சிடுவேங்க."

"பொட்டையும் அழிச்சிடு. அது எல்லாரும் ஏறுற ரயில்."

"சரிங்க."

"வியாழக்கிழம ஒம்பது மணிக்கு என்ன உள்ளுக்கு எடுப்பாங்க. நீ அதே நேரம் ஓட்டத் தொடங்கு. இருபது சுத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் நிப்பாட்டு, மோட்டர் சூடாகும். எத்தின சுத்துன்டு எண்ணி வை. எனக்கி அங்க எண்ண ஏலாது."

"எதுவரைக்கும்ங்க?"

"போன் கோல் வார வரைக்கும்." கண்ணாடி பாதி ஏறியது. திரும்ப இறங்கியது. "தள்ளினத எண்ணாத."

வியாழன் கடை மூடியிருந்தது. சாவி என்னிடம். எட்டரைக்கு மாடியில் இருந்தேன். எனக்கு எண்ணிக்கை நடுவில் விட்டுப்போகும். அதனால் கீழே இருந்து ஒரு அங்குல ஆணிப் பெட்டியும் ஒரு வெறும் பால்மா டின்னும் கொண்டுவந்தேன். இருபது ஆணியை மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தேன். ரயில் ஸ்டேஷனுக்கு வந்தால் ஒரு ஆணி டின்னுக்குள். வரிசை முடிந்தால் ஓய்வு.

ஒன்பது மணிக்குக் குமிழைத் திருப்பினேன். கேட் கிட்ட வரும்போது மூச்சைப் பிடித்தேன். நிற்கவில்லை. தாண்டியது. ஸ்டேஷனுக்கு வந்தது. முதல் முழுச் சுற்று. பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை. ஆணியைப் போட்டேன். டின்னில் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஓடும்போது பரவாயில்லை. நிறுத்துகிற அந்த ஐந்து நிமிடம்தான் பொல்லாதது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. போனைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஊரில் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கு பஸ் வராது.

பதினொன்றரை இருக்கும். வெளியே மழை. கரண்ட் போனது. ரயில் சுரங்கத்துக்குள் நின்றது. மலையைத்தான் பார்க்கிறேன், ரயிலைக் காணோம். இப்போது அங்கே என்ன செய்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்திருக்கக்கூடாது. இரண்டு நிமிடம் பொறுத்தேன். பிறகு சுரங்கத்துக்குள் கையை விட்டு எஞ்சினைத் தொட்டேன். சூடு இருந்தது. மெல்ல வெளியே தள்ளினேன், கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு.

கரண்ட் வந்தது. ரயில் தானாகக் கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்தது. ஆணியைக் கையில் எடுத்தேன். டின்னில் போட்டாலும் கேட்க ஆள் இல்லை. சட்டைப் பையில் போட்டேன்.

ஒன்றரைக்குக் கோல் வந்தது. முதலாளியம்மாவின் தம்பி.

"முடிஞ்சி. வெளிய கொண்டுவந்துட்டாங்க. நல்லாத்தான் செஞ்சீக்கி என்டு டொக்டர் செல்றார்."

"பேசுறாங்களா?"

"இன்னம் மயக்கம். முழிக்கணும்." பிறகு கேட்டார், "ரயில் ஓடுதா?"

"ஓடுதுங்க."

அது ஸ்டேஷனுக்கு வரும்வரை பார்த்து நிறுத்தினேன். ஆணியைப் போட்டேன். வரிசையில் மூன்று மிச்சம். பிறகுதான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நின்றது அப்போதுதான் காலில் தெரிந்தது. டின்னைக் கீழே கொண்டுபோய், கடை மேசையில் கொட்டி எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். ஒரு காகிதத் துண்டில் எழுதி மடித்து, பையில் கிடந்த ஆணியோடு வைத்தேன்.

முழித்துவிட்டார் என்று இரவு சொன்னார்கள். ஆனாலும் கண்ணால் பார்க்கிறவரை எனக்கு மனம் ஆறவில்லை.

சனிக்கிழமைதான் அவரைப் பார்க்க விட்டார்கள். ஒரு ஆள், ஐந்து நிமிடம். பேச வைக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னார். முதலாளி பாதியாகிக் கிடந்தார். மூக்கில் குழாய். கட்டிலோரம் போய் நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். ஆளைத் தெரிகிறதா என்று எனக்குப் பயம் வந்தது. போர்வைக்கு மேல் கிடந்த கையில் ஒரு விரல் எழும்பியது. காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

காகிதத் துண்டை எடுக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து காதுக்குக் கிட்டச் சொன்னேன்.

இருநூற்றுப் பதினாறு.