இரண்டாவது வீச்சு

ஐயம்பேட்டை கைலாசம் மீன் சாப்பிடுவதில்லை. அவருடைய அப்பாவும் சாப்பிட்டதில்லை. பிறந்தநாள் கேக்கில் முட்டை சேர்த்திருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிற மனிதர். வீட்டில் பட்டுத் தறி. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஏகாம்பரநாதர் கோயில். இப்படிப்பட்டவர் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னேரி ஏரிக்கரையில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவி இந்திராணிக்குத் தெரியாது. தெரிய வந்தது ஒரு செல்போன் வீடியோவில். அந்த வீடியோவில் கைலாசம் பிடித்திருந்தது மீன் இல்லை.

எல்லாம் தோள்பட்டையில் ஆரம்பித்தது. தறியில் உட்கார்ந்தே ஐம்பதைத் தாண்டியவருக்கு வலது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே இந்திராணி உதவ வேண்டியிருந்தது. வாலாஜாபாத்தில் ஒரு வைத்தியர் ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டு நீவி விட்டார். எண்ணெய் ஊறுகிற வரைக்கும் சும்மா உட்காராமல் காற்றாட நடக்கச் சொன்னார். வாலாஜாபாத் கடைத்தெருவில் காற்று இல்லை. கைலாசம் ஷேர் ஆட்டோ ஏறித் தென்னேரிக்குப் போனார்.

அங்கே கலியன் நின்றிருந்தான். நாற்பது வயது, விவசாயக் குடும்பம், ஏரி மீன் குத்தகையில் ஒரு பங்கு வைத்திருப்பவன். தண்ணீரில் எதையோ வீசுவதும், வெடுக்கென்று இழுப்பதும், திட்டுவதுமாக இருந்தான். கைலாசம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாபா, புழு கோக்காமலே போடுற?"

"இது புழு திங்காதுண்ணா. பாசியை நக்கிக்கினே தரையோட தரையா கெடக்கும். கடிச்சாதானே தூண்டில்ல மாட்டும்? இது கடிக்கவே கடிக்காது. அதான் ஒடம்புலயே முள்ளைக் குத்தி இழுக்கிறேன்."

'டேங்க் கிளீனர்' என்று ஊரில் சொல்கிற மீன் அது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யட்டும் என்று வீட்டில் வாங்கி வளர்ப்பார்கள். தொட்டி கொள்ளாமல் பெரிதானதும், கொல்ல மனசு வராமல், ஏரியில் கொண்டு போய் விட்டுவிடுவார்கள். ஏரிக்குள் அது ஆயிரமாகப் பெருகும். முதலைத் தோல் போல உடம்பு முழுக்கக் கவசம், செதிள் இருக்க வேண்டிய இடத்தில் முள். கலியனின் வலையில் கெண்டை பத்து விழுந்தால் இது நூறு விழுந்து வலையையே கிழித்துவிடும். யாரும் சாப்பிட மாட்டார்கள், யாரும் வாங்க மாட்டார்கள்.

"சும்மா ஒரு தடவ இழுத்துப் பாருண்ணா" என்று கலியன் தூண்டில் நரம்பைக் கையில் கொடுத்தான். கைலாசம் வலிக்காத கையால் இழுத்தார். எதுவோ மாட்டியது. தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தனக்கு விருப்பம் இல்லை என்று திருப்பி இழுத்தது. அப்போது தனக்கு என்ன ஆயிற்று என்று கைலாசத்தால் பின்னால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.

ஒரு வருடத்தில் அவருக்கென்று சாமான் சேர்ந்துவிட்டது. ஒன்பதடி ஃபைபர் ராடு. பெரிய ரீல். அதில் மெல்லிய நைலான் தங்கூசி நரம்பு இல்லை, பின்னல் நூல். தங்கூசி இழுபடும், இழுப்பின் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் நகர்ந்துவிடும். முனையில் நங்கூரம் போல மூன்று முள். அதற்குக் கீழே ஒரு சாண் விட்டு ஈயக்குண்டு. குண்டு கீழே இருந்தால் அதுதான் முதலில் தரையைத் தொடும், முள் சேற்றுக்கு மேலே நிற்கும். குண்டை முள்ளுக்கு மேலே கட்டியிருந்த முதல் மாதங்களில், அவருடைய முள் எல்லாம் ஏரிக்குள் மூழ்கிக் கிடந்த கருவேல மரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. முடிச்சு மட்டும் அவரே போட்டார். நாளெல்லாம் பட்டிழை முடிபவர் முடிச்சை யாரும் குறை சொல்லவில்லை.

வீசுவதிலும் முறை உண்டு. கண்ட இடத்தில் வீசினால் பாசிதான் வரும். இந்த மீன் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தக் குமிழியைக் கவனிக்க வேண்டும். குமிழியின் மேலேயே போட்டால் பயந்து ஓடிவிடும். அதற்கு அந்தப் பக்கமாகப் போட்டு, குண்டு தரை தட்டும் வரை பொறுத்து, தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, ராடைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால், மாட்டாதபோது மூன்று முள்ளும் நேராக இழுத்தவர் முகத்துக்கு வரும். கைலாசத்துக்கு ஒரு தடவை வந்தது. அன்றைக்குத் தலையில் கட்டியிருந்த துண்டு வாங்கிக்கொண்டது.

மாட்டிய மீனைப் பிளாஸ்டிக் கோணியில் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் கலியன் பொறுப்பு. தென்னை மரத்தடியில் பள்ளம் தோண்டிப் புதைப்பான். அந்தப் பக்கம் கைலாசம் பார்க்க மாட்டார். சாமான்களைக் கலியனின் பம்ப் செட் கொட்டகையில் வைத்துவிட்டு, அங்கேயே சோப்புப் போட்டுக் குளித்து, வைத்தியர் எண்ணெயைத் தோளில் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

தோள் முதல் வருடமே சரியாகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்கு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. தண்ணீர் வழிந்து கால்வாயில் விழுகிற அந்த இடத்தைப் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வறுத்த கடலை, பஜ்ஜி, செல்ஃபி. அந்த ஞாயிறு, நிரம்பிய ஏரிக்குப் பூ போட்டுக் கும்பிட ஆனந்தராஜ் வந்தார். அந்த வட்டாரத்தில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் ஆள் உயர மாலை, பின்னால் ஒரு மேளம்.

கலங்கலுக்குக் கீழே கைலாசமும் கலியனும் ராடோடு நிற்பதை ஆனந்தராஜின் ஆட்கள் பார்த்தார்கள்.

"பெரியவரே, தலைவர் வந்துக்கினு இருக்காரு. முள்ளு கிள்ளு பட்டுடப் போவுது. தள்ளிப் போய்க்கோ."

கைலாசம் மறுபேச்சு இல்லாமல் கால்வாயோரமாகக் கீழே தள்ளிப் போனார். கலியன் முணுமுணுத்துக்கொண்டே கூடப் போனான்.

ஆனந்தராஜ் கலங்கல் சுவரின் ஓரத்துக்கு வந்து தட்டிலிருந்த பூவைத் தண்ணீரில் போட்டார். போட்டோ எடுத்தவர், பூ சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தடவை என்றார். ஆனந்தராஜ் ஒரு படி முன்னால் வைத்தார். அந்தப் படியில் பாசி இருந்தது.

தட்டு ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். செம்மண் தண்ணீர் அவரைச் சுழற்றிக் கால்வாய்க்குள் தள்ளியது. அவருக்கு நீச்சல் தெரியாது. மாலை ஊறிக் கனத்துக் கழுத்தைக் கீழே இழுத்தது. கரையில் எல்லாரும் கத்திக்கொண்டே கூட ஓடினார்கள். ஒருவர் கயிறு எடுத்து வருகிறேன் என்று காருக்கு ஓடினார். கார் ரோட்டில் நின்றிருந்தது.

கைலாசம் பார்த்தபோது ஒரு தலை தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. முழுகுவதும் எழும்புவதுமாக. அவர் ராடை ஓங்கினார். மூன்று முள்ளும் எப்படிப்பட்டவை என்று அவரே வாரந்தோறும் அரம் போட்டுத் தீட்டுபவர். முகத்தில் பட்டால்? கண்ணில் பட்டால்? அதனால் தலையை விட்டுத் தாழ்வாக, உடம்புக்கு அந்தப் பக்கம் வீசி, ஆள் நூலின் மேல் வரும் வரை பொறுத்துப் பக்கவாட்டில் இழுத்தார்.

மாட்டியது. ஆனால் எடை இல்லை. வந்தது வேட்டி. முடிச்சுப் போடத் தேவையில்லாத ஒட்டிக்கோ வேட்டி, டர்ரென்று பிரிந்து தனியாக வந்துவிட்டது.

"அண்ணா, என்னுதைப் புடி!" என்று கலியன் தன் ராடை நீட்டினான்.

ஆனந்தராஜ் அவர்களைத் தாண்டிப் போயிருந்தார். கைலாசம் ராடை வாங்கிக்கொண்டு கரையோடு ஓடினார். இந்தத் தடவை கண்ணையும் முகத்தையும் பற்றி யோசிக்க நேரமில்லை. தோளைப் பார்த்து, அதைத் தாண்டி வீசினார். இழுத்தார். ராடு வில்லாக வளைந்தது. தண்ணீரில் இருந்தவர் ஐயோ என்று கத்தினார். கத்துகிறார் என்றால் மூச்சு இருக்கிறது என்று கைலாசத்துக்கு ஆறுதலாக இருந்தது.

தண்ணீரை எதிர்த்து இழுத்தால் நூல் அறும். அதனால் நூலைத் தளர விடாமல் அதன் போக்கிலேயே கூட நடந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் கரைப்பக்கம் ஒதுங்கியதும் கலியன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மாலையைப் பிடித்து இழுத்தான். மாலை அறுந்தது. சட்டையைப் பிடித்தான்.

கரையில் கிடந்த ஆனந்தராஜ் தண்ணீரைக் கக்கிவிட்டு முதலில் பேசியது, "வேட்டி எங்கபா?" என்பதுதான். பட்டாபட்டி டிராயரோடு இருந்தவர் மேல் யாரோ பொன்னாடையைப் போர்த்தினார்கள். தோளில் இரண்டு முள் சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக மருந்து போட்டு எடுத்துவிட்டு, தையலும் ஊசியும் போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

கைலாசம் வழக்கம் போலக் குளித்து, எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்குள் வீடியோ ஐயம்பேட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. அனுப்பியது ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிற அவர்கள் மகள் அனு. 'அம்மா, இது அப்பாவா?' என்று மட்டும் போட்டிருந்தாள். இந்திராணி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தோளு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

"பரவால்ல. கொஞ்சம் வலி இருக்குது."

அவள் போனை நீட்டினாள். அதில் கைலாசம் வலது கையைத் தலைக்கு மேலே முழு வட்டமாகச் சுழற்றி வீசிக்கொண்டிருந்தார்.

"இது வலிக்கிற தோளா?"

கைலாசம் உட்கார்ந்தார். மூன்று வருடத்தையும் சொன்னார்.

"மீனு தின்னீங்களா?"

"சீச்சீ."

"வித்தீங்களா?"

"யாரும் வாங்க மாட்டாங்கம்மா அத."

"அப்ப எதுக்குத்தான் புடிச்சீங்க?"

"அதுவா வந்து மாட்டாது. தண்ணிக்குள்ள எங்க இருக்குதுன்னு நாமளா நெனச்சுக்கினு இழுக்கணும். நெனச்ச எடத்துல இருந்துச்சுன்னா..." ராடு இல்லாத கையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்துக் காட்டினார்.

இந்திராணிக்கு மீன் பெரிதாகப் படவில்லை. "மூணு வருசமா ராத்திரி ராத்திரி வெந்நீர் ஒத்தடம் குடுத்தேனே," என்றாள். "அடுப்புல தண்ணி வெச்சு, துணி நனச்சு."

"அது நல்லா இருந்துச்சு," என்றார் கைலாசம். உண்மையைத்தான் சொன்னார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவசியமான பேச்சு மட்டும்தான். கைலாசம் தறியில் உட்கார்ந்தே இருந்தார். நெய்தது குறைவு.

அடுத்த வாரம் ஆனந்தராஜ் இரண்டு ஆட்களோடு வந்தார். சால்வை போர்த்தினார், பழத்தட்டு கொடுத்தார். கைலாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஐயா, லோக்கல் சேனல்ல உங்களப் பேட்டி எடுக்க வராங்க. ஒண்ணே ஒண்ணு. மொதல் வீச்சுலயே சட்டைல மாட்டிச்சுன்னு சொல்லிடுங்க. வேட்டி வெள்ளத்துல போச்சுன்னு இருக்கட்டும்."

கைலாசம் சங்கடத்தோடு நெளிந்தார். "வேட்டி வெள்ளத்துல போகலீங்க தலைவரே. கலியன் தொவச்சுக் காயப் போட்டு வெச்சிருக்கான்."

"அது இருக்கட்டும். நீங்க அப்படிச் சொன்னா போதும்."

காபி கொண்டுவந்த இந்திராணி டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மூணு வருசம் பொய் சொன்ன மனுசன் அவரு. இப்பதான் நிறுத்தி இருக்காரு. மறுபடி ஆரம்பிக்கச் சொல்லாதீங்க."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்தது தவறோ என்று சுவரைப் பார்த்தார். ஆனந்தராஜ் காபியைக் குடித்து முடித்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஏன் மொதல்ல வேட்டில போட்டீங்க?"

"மூஞ்சில பட்டுடுமோன்னு பயந்துட்டேன். கண்ணு இருக்குதே. அதான் கீழ போட்டேன்."

ஆனந்தராஜின் கை தானாகக் கண்ணுக்குப் போனது. "சரி. நடந்ததையே சொல்லுங்க," என்று எழுந்தார்.

கைலாசம் நடந்ததையே சொன்னார். சேனலில் வேட்டி கதையைத்தான் முதலில் போட்டார்கள். ஆனந்தராஜுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. இப்போது கூட்டங்களில் மைக்கைப் பிடித்ததும் அவரே வேட்டி போனதில் தொடங்கிக் கதையைச் சொல்கிறார், ஜனம் சிரிக்கிறது. ஓட்டு விழுமா என்பது தேர்தலில்தான் தெரியும்.

கைலாசம் கொஞ்ச நாள் ஏரிப்பக்கம் போகவில்லை. ஒரு ஞாயிறு காலை இந்திராணியே கேட்டாள், "இன்னைக்குப் போகலயா?" பிரதோஷத்தன்று போகக் கூடாது, சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது, வந்ததும் இங்கேயும் ஒரு தடவை குளிக்க வேண்டும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

போன மாதம் அவளும் ஒரு நாள் கூடப் போனாள். கலியன் தன் கொட்டகையிலிருந்து நாற்காலி எடுத்து வந்து போட்டான். உயிர் துடிப்பதைப் பார்க்க மாட்டேன் என்று அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி வயல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் எலுமிச்சம்பழச் சாதம் டப்பா. பின்னால் குண்டு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்துக் கேட்பாள்.

"மாட்டிச்சா?"

"இல்லம்மா."

இன்னொரு சத்தம்.

"இப்ப?"

"இல்ல."

மறுபடியும் அதே சத்தம். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஒரே எடத்துலயே விழுதுங்க சத்தம். கொஞ்சம் அந்தாண்ட போடுங்க."